டிராகனின் இருமல்

வருடாந்திர விடுப்பு ஒன்பது நாள். முதல் நாளே தம்பி ஒரு தடித்த நாவலைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். படி, சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிடும் என்று உத்தரவு போலச் சொல்லிவிட்டுப் போனான். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எதற்கும் ஒரு பட்டன் இருக்கிறது என்று நம்புகிற ஜாதி. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று தினமும் எழுபது பேரிடமாவது சொல்வேன்.

அம்மா இறந்து நான்கு மாதம். எங்கள் வீட்டில் புத்தகம் படித்துச் சத்தமாகச் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிற அளவுக்குச் சிரிப்பாள். அவள் போனபோது எனக்கு அழுகை வரவில்லை. இப்போது சிரிப்பும் வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போலத்தான் அந்த நாவலைப் படித்தேன்.

அதில் வரும் டிராகனுக்குப் புகை ஒத்துக்கொள்ளாது. நெருப்பைக் கக்கினால் இருமல் வந்துவிடும். அதற்கு மருந்து கண்டுபிடிக்க அரசன் பதினேழு மந்திரிகளை நியமிக்கிறான். குறை சொல்ல முடியாத கதை. எங்கே சிரிக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த இடங்களில் உதட்டை இழுத்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

தம்பி தினமும் போன் செய்து, சிரித்தாயா என்று கேட்டான். நச்சரிப்பு தாங்காமல் மூன்றாம் நாள், மந்திரிகள் மருந்தைத் தாங்களே குடித்துப் பார்க்கிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன் என்று புளுகினேன். சரி என்று வைத்துவிட்டான். நச்சரித்துப் பதில் வாங்கியவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாவது வேண்டாமா என்று எரிச்சலாக இருந்தது.

ஏழாம் நாள் வேலை முடிந்து, கையில் கிரீஸோடு நேரே வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அக்கா, நீ நிஜமாவே சிரிச்சியா?"

"ஏன்டா?"

"நான் அதை மூணு தடவை படிச்சேன். ஒரு தடவைகூட சிரிப்பு வரல. புக்குதான் சரியில்லையோன்னு உன்கிட்ட கொடுத்தேன். நீ சிரிச்சேன்னு சொன்னதுலேர்ந்து, அப்ப எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு பயமா இருக்கு."

என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஒரு வெட்டிப் பொய்யால் நான்கு நாள் அவனைத் தனியாக விட்டிருக்கிறேன்.

"பொய் சொன்னேன்டா. எனக்கும் வரல."

அவன் தலையாட்டினான். எதையாவது பேச வேண்டுமே என்று, அந்த டிராகனின் நெஞ்சுக்கு யாராவது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கலாம் என்றேன்.

"நீதான் எடுக்கணும்," என்றான். "மூச்சை இழுங்க, பிடிங்க வரைக்கும் சொல்லு. விடுங்கன்னு மட்டும் சொல்லித் தொலைச்சிடாத."

நல்ல ஜோக். இருவருக்குமே அது தெரிந்தது. இருவருமே சிரிக்கவில்லை.

"அம்மா சிரிச்சிருப்பா," என்றான்.

நான் சுவரைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். நான்கு மாதமாக அதை யாரும் தட்டவில்லை.