தலை நேரா இருக்கட்டும், டாக்டர்

பிறந்து அரை நிமிடம் ஆகியும் பெண் குழந்தை அழவில்லை. துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டும் ஈரத்துணி போலத் துவண்டு கிடந்தது. பிரசவ அறையில் இருந்த ஒரே டாக்டர், வேலைக்குச் சேர்ந்து நான்கு நாளே ஆனவர்.

"ஏன் சத்தமே காணோம்?" என்று கட்டிலிலிருந்து தாய் கத்தினாள்.

டாக்டர் குட்டி மாஸ்க்கைக் குழந்தையின் மூக்கும் வாயும் மூடும்படி வைத்துக் காற்றுப் பையை அழுத்தினார். நெஞ்சு அசையவில்லை.

"தலையை ரொம்ப அண்ணாத்திட்டீங்க டாக்டர். ஃபேன் சுத்துறதையா பாக்கப் போகுது? நேரா வைங்க," என்றார் மூத்த நர்ஸ், ஸ்டெதாஸ்கோப்பில் துடிப்பைக் கேட்டபடியே.

டாக்டர் நேராக்கினார். "அழுத்து, ரெண்டு, மூணு," என்று பயிற்சியில் கற்ற கணக்கை வாய்விட்டுச் சொல்லியபடி பையை அழுத்தினார்.

நெஞ்சு ஏறியது! குழந்தையின் துடிப்பை மேசையில் தட்டிக் காட்டிக்கொண்டிருந்த நர்ஸின் விரல், நடையை விட்டு ஓட்டம் பிடித்தது.

"துடிப்பு ஏறுது, ஏறுது! விடாதீங்க!"

அவர் விடவில்லை. குழந்தை இருமி, கைகால் உதறி, மாஸ்க்குக்குள்ளேயே வீறிட்டது. அப்போதும் விடவில்லை. பயிற்சியில் அவர் கையில் செத்த மூன்று பொம்மைகளும் சரி, பிழைத்த ஒரு பொம்மையும் சரி, எதுவும் அழுததில்லை. எப்போது நிறுத்துவது என்று அவர் கைக்குத் தெரியாது.

"அழுத்து, ரெண்டு..."

"ஐயோ, அழுற பிள்ளை வாயை ஏன்யா பொத்துறீங்க?" தாய் இரண்டு கையையும் நீட்டினாள். "அவ பாட்டுக்கு அழட்டும். இங்க குடுங்க!"