கால் வேகம் காணாது

ஹவுன்ஸ்லோவில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, தமிழ்ப் பாடசாலைகளின் பழைய மாணவிகள் வலைப்பந்துப் போட்டி வைத்திருந்தார்கள். தனுஷியா அங்கே போனது வேலைக்காக அல்ல. அவளுடைய மச்சாள் ஒருத்தி விளையாடினாள். கைதட்ட ஆள் வேண்டுமென்று கூப்பிட்டிருந்தாள். ஆனால் தனுஷியாவின் வேலை போகிற இடமெல்லாம் கூடவே வருகிற வேலை. ஹெரன்ஸ் என்ற தொழில்முறைப் பெண்கள் கூடைப்பந்துக் கழகத்துக்கு அவள் ஆள் தேடுபவள். மற்றக் கழகங்களின் கண்ணில் படாத வீராங்கனைகளைக் கண்டுபிடித்து, இவள் தேறுவாள், இவள் தேறமாட்டாள் என்று மேலே சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் கொண்டுபோன ஒருத்தியைக்கூடக் கழகம் எடுக்கவில்லை. அலுவலகத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கூட்டங்களில் அவள் பேசத் தொடங்கினால் போனைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது ஆட்டத்தில் றொசாந்தியைக் கண்டாள். ஆறடிக்கு மேல் உயரம். லண்டனில் உயரமான பெண்களுக்குக் குறைவில்லை. தனுஷியாவை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு. எறிகிறவளின் கையை விட்டுப் பந்து கிளம்புமுன்பே றொசாந்தி அது போகப்போகிற இடத்துக்கு நகர்ந்துவிட்டிருந்தாள். கூட்டாளி ஒருத்தி பந்தைக் கோட்டைவிட்டபோது முகத்தைச் சுளிக்காமல் திரும்பி ஓடி அந்தப் பிழையை மூடினாள். உயரத்தை வாங்கலாம், உடம்பை வளர்க்கலாம். இதை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது என்பது தனுஷியாவுக்குத் தெரியும். மச்சாளின் ஆட்டம் எப்போது முடிந்தது என்று அவள் கவனிக்கவே இல்லை.

றொசாந்திக்கு இருபத்திரண்டு வயது. ஹீத்றோவில் பயணப்பொதிகளை ஏற்றி இறக்கும் பிரிவில் ஷிப்ட் வேலை. பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து விளையாடியிருக்கிறாள். தகப்பன் இறந்தபிறகு மாலை நேரப் பயிற்சிக்குப் போக முடியாமல் விட்டுவிட்டாள். கவுன்சில் மைதானத்தில் தனியாகப் பந்து எறிவதுண்டு என்றாள். தனுஷியா தான் யார் என்று சொன்னபோது, பகிடி விடுகிறாளோ என்று பார்த்தாள்.

அடுத்து வந்த கிழமைகளில் தனுஷியா அவளைக் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் உள்ள ஒரு உள்ளரங்குக்கு வரச்சொல்லி, வெவ்வேறு ஆட்களோடு விளையாட வைத்துப் பார்த்தாள். ஷிப்ட் முடித்து, லண்டனின் மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கு ஓரத்துக்கு ரயில் மாறி மாறி வந்து, ஒரு நாளும் பிந்தாமல் நின்றாள் றொசாந்தி. கழகத்தின் பொது மேலாளர் கிறெய்க் காணொளிகளைப் பார்த்தார். முதல்முறையாகப் போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். தெரிவு நாளுக்கு அவளைக் கூப்பிடச் சொன்னார். அதற்கு முன் அவளுடைய வீட்டுக்குப் போய் வா என்றும் சொன்னார். விளையாட்டை மைதானத்தில் பார்க்கலாம், மிச்சத்தை வீட்டில்தான் பார்க்கலாம் என்பது அவருடைய கொள்கை. தாய் எப்படி, குடும்பத்தில் குடி உண்டா, நோய் உண்டா, பழைய காயங்கள் என்ன. தமிழ் தெரிந்தவள் என்பதால் தனுஷியாவுக்கு இது சுலபம் என்றார். அதுவும் உண்மையாகத்தான் இருந்தது.

றொசாந்தியின் தாய் மேரிசாந்தி மன்னார்க்காரி. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தாள். தனுஷியா வருகிறாள் என்று லீவு எடுத்து, மீன் ரோல்ஸ் பொரித்து, விறைப்பான ஒரு புதிய சீலை கட்டிக்கொண்டு நின்றாள். இங்கே பிறந்த தனுஷியாவின் தடுமாற்றமான தமிழைக் கேட்டுச் சிரித்தாள். யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் என்று விசாரித்தாள். சற்று நேரத்தில் "பிள்ளை" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள்.

றொசாந்தி வேலைக்கு வெளிக்கிட உடுப்பு மாற்றப் போனபோது, தனுஷியா தகப்பனைப் பற்றிக் கேட்டாள். எட்வேட் வேலைத்தலத்தில் பெட்டி தூக்கிக்கொண்டு நின்றபடியே விழுந்து செத்தவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஹார்ட் அற்றாக் என்று சொன்னார்கள். அது றொசாந்திக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்று இருந்தது. மேரிசாந்தி அறைக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவற்ற தம்பியும் அப்பிடித்தான் பிள்ளை. மன்னாரில, பேசாலையில வொலிபோல் விளையாடிக்கொண்டு நிண்டவன், அப்பிடியே விழுந்திட்டான். இருபத்திநாலு வயசு. இது றொசாந்திக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பரம்பரையில வருத்தமெண்டு கதை பரவினா ஆர் பிள்ளையைக் கட்டுவினம்? ஏற்கெனவே உயரமெண்டு தட்டிக்கழிக்கினம்."

பிறகு தனுஷியாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஓடி விளையாடினா அவளுக்கு ஒண்டும் வராது தானே?"

"கிளப்பில டொக்டர் இருக்கிறார் அன்ரி. எல்லாம் பாப்பினம்" என்றாள் தனுஷியா.

அந்த நேரத்தில் அவள் அதை நம்பித்தான் சொன்னாள். ஒப்பந்தம் போடுமுன் கழகத்தின் மருத்துவர் எல்லோரையும் பரிசோதிப்பது வழக்கம். மேரிசாந்தியின் முகம் தெளிந்தது. இவ்வளவு காலமும் ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை இறக்கி வைத்துவிட்ட களைப்போடு இன்னொரு ரோல்ஸை எடுத்துத் தனுஷியாவின் தட்டில் வைத்தாள்.

தெரிவு நாளில் றொசாந்தி மற்ற எல்லாரையும் தின்றுவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். உயரம் அளந்தார்கள், கையின் நீளம் அளந்தார்கள், பாய்ச்சலை அளந்தார்கள். உடற்பயிற்சியாளர் அவளுடைய நெஞ்சில் நாடித்துடிப்பு எண்ணும் பட்டி ஒன்றைக் கட்டி ஓடவிட்டார். லீட்ஸிலிருந்து வந்திருந்த, எல்லோரும் பெயர் அறிந்த ஒருத்தியை அவள் ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் அடைத்து வைத்திருந்தாள். கிறெய்க் தனுஷியாவின் தோளில் தட்டி, இந்த ஒருத்தி போதும், இனி உன்னை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றார்.

தனுஷியா அன்று அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். மருத்துவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்திருக்கலாம். ஆனால் அவர் கண்டுபிடிக்காமல் விட்டு, பிறகு ஏதாவது நடந்து, தனக்கு முன்பே தெரியும் என்று வெளியே வந்தால் தன் கதை முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது. கிறெய்க்கின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு இரண்டு சாவுகளையும் சொன்னாள்.

கிறெய்க் தெரிவு நாள் அளவுகள் எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு லீட்ஸ்காரியை எடுப்போம் என்றார். பரிசோதித்துப் பார்க்கலாமே, ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம் என்று தனுஷியா வாதாடினாள். அவர் பொறுமையாக விளக்கினார். பரிசோதித்து நோய் இருந்தால் அது நம்முடைய தலையில். இல்லையென்று வந்தாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் நாம் பயந்துகொண்டு இருக்க வேண்டும். ஒரே தரத்தில் இரண்டு பேர் இருக்கும்போது, சந்தேகம் இல்லாதவளைத்தான் எடுப்பது. குடும்ப நோயைக் காரணம் காட்டி விலக்கினோம் என்று வெளியே போனால் வழக்குப் போடுவார்கள். அதனால் அதை எழுதவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். விளையாட்டிலேயே ஒரு குறையைச் சொல்லு.

அவளுக்காவது சொல்ல வேண்டாமா என்று கேட்டாள் தனுஷியா.

வேறு கழகங்களும் அவளைப் பார்க்கத் தொடங்கிவிட்டன, என்றார் கிறெய்க். நாம் தெரிந்துகொண்டதை அவர்களுக்கு ஏன் சொல்லிக் கொடுக்க வேண்டும்? அவர்கள் எடுத்து அனுபவிக்கட்டும்.

அவர் சிரிக்கவில்லை. வீரர்களை விற்று வாங்குவதைப் பற்றிப் பேசும் அதே குரலில்தான் சொன்னார். தனுஷியா எழுந்து கதவைத் திறந்தாள். தலைமை ஆள்தேடுநர் பதவி அந்த வருடம் காலியாகப் போகிறது என்பது இருவருக்கும் தெரியும்.

அடுத்த நாள் அவள் றொசாந்திக்குப் போன் எடுத்தாள். கழகம் வேறு ஒருத்தியை எடுத்துவிட்டது என்றாள். மறுமுனையில் விமானச் சத்தம் கேட்டது. றொசாந்தி வேலையில் நின்றாள்.

"என்னில என்ன பிழை அக்கா?"

"கால் வேகம் காணாது. பக்கவாட்டில நகர நேரமெடுக்குது எண்டு சொல்லினம்."

"அது பழகினா வருமா?"

அந்தக் கேள்வியைத் தனுஷியா எதிர்பார்க்கவில்லை. "ஓம், வரும்" என்றாள்.

மேரிசாந்தி அன்று மகளைத் தேற்றினாள். உள்ளுக்குள் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. நெஞ்சில் பட்டி கட்டிப் பார்த்தார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். நெஞ்சில் ஏதாவது இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பார்கள். காலைத்தானே சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

றொசாந்தி ஓடத் தொடங்கினாள். ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஓடினாள். இடுப்பில் றப்பர் பட்டியைக் கட்டிக்கொண்டு கார்த் தரிப்பிடத்தில் நண்டுபோல் பக்கவாட்டாக நடந்தாள். ஒருமுறை படியேறும்போது தலை சுற்றியது என்று தாயிடம் சொன்னாள். சாப்பிடாமல் ஓடினால் சுற்றாமல் என்ன செய்யும் என்று மேரிசாந்தி ஏசிவிட்டு, முட்டை அவித்துக் கொடுத்தாள். லூயிஷாம் பக்கத்தில் இரண்டாம் பிரிவில் ஆடும் ஒரு சிறிய அணி றொசாந்தியைச் சேர்த்துக்கொண்டது. சம்பளமில்லை, பயணக்காசு மட்டும். அப்படியான அணிகளில் மருத்துவர் கிடையாது.

குளிர்காலம் முடியும்போது தனுஷியா அந்த அணியின் ஆட்டம் ஒன்றுக்குப் போக வேண்டி வந்தது. எதிரணியில் ஆடிய ஒரு போலந்துப் பெண்ணைப் பார்க்கத்தான் போனாள். அவளைக் கண்டதும் றொசாந்தி உடலைச் சூடாக்குவதை விட்டுவிட்டு ஓடி வந்தாள். மெலிந்து, கழுத்தெலும்பு தெரிய, ஆனால் முகம் மலர்ந்து நின்றாள். தன் மீது அவளுக்குத் துளியும் கோபமில்லை என்பதைத் தனுஷியா கண்டாள். அது அவளைக் கூச வைத்தது.

"நீங்கள் சொன்னது சரிதான் அக்கா. இப்ப பாருங்கோ, எப்பிடி நகருறன் எண்டு" என்றாள் றொசாந்தி. "உங்கட ஆக்களுக்கும் சொல்லுங்கோ."

மண்டபத்தில் அப்போது ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இவளை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் இரண்டு வசனம் சொல்ல நேரம் இருந்தது. தனுஷியாவின் வாய்வரை வந்தது. சொன்னால், ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அணியின் பயிற்சியாளர் கேட்பார், தாய் கேட்பாள், பிறகு கிறெய்க் கேட்பார். "நல்லா விளையாடு" என்றாள்.

றொசாந்தி நன்றாகத்தான் விளையாடினாள். கடைசிக் கால்பகுதியில், யாரும் தொடாமல், பந்தும் கையில் இல்லாமல், திரும்பி ஓட எடுத்தவள் முகம் குப்புற விழுந்தாள். கையை ஊன்றக்கூட இல்லை. தடுக்கி விழுந்தாள் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். தனுஷியா மட்டும் உடனே எழுந்து நின்றாள். நின்ற இருதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி இருந்த மண்டபத்து அலமாரியைத் திறக்க ஆள் தேடினார்கள். அவசர ஊர்தியில் வந்தவர்கள் இருதயத்தைத் திரும்ப ஓட வைத்தார்கள். மூளை அதுவரை இரத்த ஓட்டம் இல்லாமல் கிடந்திருந்தது.

செய்தி அலுவலகத்துக்குப் போனது. கிறெய்க் கதவைச் சாத்திவிட்டுத் தனுஷியாவின் கையைக் குலுக்கினார். பாவம் அந்தப் பெண், என்று முதலில் சொன்னார். பிறகு, நம்முடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, நம்முடைய மண்டபத்தில், கமராக்களுக்கு முன்னால் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார், என்றார். இந்தப் பருவத்தில் கழகம் எடுத்த மிகச் சிறந்த முடிவு அது என்றார். தனுஷியா நன்றி சொன்னாள். கோடையில் அவள் தலைமை ஆள்தேடுநர் ஆனாள்.

ஆஸ்பத்திரியில் இருதய நிபுணர் மேரிசாந்தியிடம் இது பரம்பரையாக வருவது என்றார். சாதாரணப் பரிசோதனையிலேயே தெரிந்திருக்கும், மருந்து கொடுத்து, நெஞ்சுக்குள் ஒரு கருவியும் வைத்து, இப்படி விழாமல் தடுத்திருக்கலாம் என்றார். அதெல்லாம் கிளப்பில் பார்த்தார்கள் என்று மேரிசாந்தி அடித்துச் சொன்னாள். நிபுணர் கழகத்திடம் விசாரித்தார். அப்படி எந்தப் பரிசோதனையும் நடக்கவில்லை என்று பதில் வந்தது.

மேரிசாந்தி கழகத்துக்குப் போனாள். வரவேற்பில் காத்திருக்க வைத்தார்கள். கடைசியில் தனுஷியாவே கீழே இறங்கி வந்து, தெருவில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் அவளோடு நின்றாள்.

"டொக்டர் பாத்தவரெண்டு சொன்னீங்களே பிள்ளை" என்றாள் மேரிசாந்தி.

கழகத்தின் வழக்கறிஞர் தனுஷியாவிடம் ஏற்கெனவே பேசியிருந்தார். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

"டொக்டர் இருக்கிறார், பாப்பினம் எண்டுதான் சொன்னன் அன்ரி. பாத்தவர் எண்டு சொல்லேல்லை."

மேரிசாந்தி அன்றைய பேச்சை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள். அன்றைக்குக் கேட்டது அதுதான். அவள் ஏசவில்லை, அழவும் இல்லை. "அப்ப நான் உங்களுக்கு ஏன் சொன்னனான்?" என்று மட்டும் கேட்டாள். பஸ் வந்தது. மேரிசாந்தி ஏறிப் போய்விட்டாள்.

றொசாந்தி கோடை முடிய வீட்டுக்கு வந்தாள். இடது பக்கம் இயங்கவில்லை. பேச்சு வந்தது, ஆனால் ஒரு வசனத்தை முடிக்க நேரம் எடுத்தது. மேரிசாந்தி சமையலறை வேலையை விட்டுவிட்டு அவளைத் தூக்கி இருத்தவும் படுக்க வைக்கவும் பழகினாள். அவ்வளவு நீளமான உடம்பு. வீட்டுக்குக் கொடுத்துவிட்ட ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பங்கில் இருந்து இரண்டு ஆம்பிளைகள் வந்து சக்கர நாற்காலியைப் படியிறக்கிக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பூசை முடிந்து எல்லோரும் அவளைச் சுற்றி நின்று, முகத்துக்கு நேரே குனிந்து, சின்னப் பிள்ளைக்குப் பேசுவதுபோல் உரத்துப் பேசினார்கள்.

மூன்றாவது ஞாயிறு வெளிக்கிடும்போது றொசாந்தி தாயின் கையைப் பிடித்தாள். வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஏன் என்று மேரிசாந்தி கேட்டாள்.

"எல்லாரும்... குனியினம் அம்மா" என்றாள்.

மேரிசாந்தி வந்து நின்ற ஆட்களைத் திருப்பி அனுப்பினாள். பிறகு மகளின் சப்பாத்தைக் கழற்றி, காலை மெத்தையில் எடுத்து வைத்துவிட்டு, பூசைக்குத் தானும் போகாமல் பக்கத்தில் இருந்துகொண்டாள்.