சுதர்ஷினியின் லெப்டொப்பில் ஒரு தனி அடுப்பு

எண்டரைத் தட்டிய பிறகுதான் நிலக்ஷிக்கு உறைத்தது. வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நிற்கவேண்டிய பெயரைக் காணோம். "ஐயய்யோ, மாரியாத்தா!" என்று தலையில் கைவைத்தாள்.

லெப்டொப் அவளுடையதா என்ன? தோட்டத்து லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருக்கும் சுதர்ஷினியுடையது. தேயிலைக் கொழுந்தின் படத்தைக் காட்டினால் கொப்புள நோய் உண்டா என்று சொல்லும் பைத்தன் புரோகிராம் அதில் இருந்தது. திங்கட்கிழமை கெம்பஸில் அதைக் காட்டினால்தான் அவளுக்குப் பட்டம். போன மாதம் நிலக்ஷி தன் வேலைக்கென்று கண்டதையும் ஏற்றி அதைப் படுக்க வைத்துவிட்டாள். சுதர்ஷினி ஒரு வார்த்தை கடிந்தாளா? தூங்காமல் கொள்ளாமல் சரிசெய்துவிட்டு, மறுபடியும் தூக்கிக் கொடுத்தாள், மகராசி.

"ஒங்க அண்ணன் கல்யாணம் கட்டுனப்ப ஒரே காம்பராவுல தட்டி மறிச்சு தனி அடுப்பு போட்டாருல்ல? அப்படி ஒன் ப்ராஜெக்டுக்கு உள்ளுக்குள்ளயே தனியா ஒரு எடம் போட்டுக்க. அங்க போய் சமை. என் சட்டியில கைய வைக்காத," என்றாள் அப்போது.

அப்படித்தான் போட்டாள், உள்ளேயும் போனாள். உள்ளே இருக்கும்வரை அந்த இடத்தின் பெயர் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நிற்கும். நடுவில் காற்றுக்குக் கரண்ட் போய், பெட்டரி செத்த லெப்டொப்பும் அணைந்தது. கரண்ட் வந்ததும் திறந்தவள், மறுபடி உள்ளே போகாமலே தன் வேலைக்கு வேண்டியதை ஏற்றச் சொல்லிவிட்டாள். எல்லாம் நேரே சுதர்ஷினியின் சட்டிக்குள்தான் விழும். நிறுத்தக்கூட விரல் வரவில்லை.

எதிர்மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. எவ்வளவு இறங்கியது என்று காட்டித் திரையில் ஊர்ந்துகொண்டிருந்த கோடு நின்றது. சிவப்பு எழுத்து வந்தது: தொடர்பு அறுந்துவிட்டது. முழுதாக இறங்காமல் எதுவும் ஏறாது. நாளெல்லாம் திட்டித் தீர்க்கும் சிக்னலை அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிளேன்டீயோடு வந்த சுதர்ஷினியிடம் மறைக்கவில்லை. "உள்ள போகாமலே ஏத்திட்டேன்டி. சிக்னல் போனதால தப்பிச்சோம்."

சுதர்ஷினியின் முகம் வெளுத்தது. உடனே உட்கார்ந்து தன் புரோகிராமை ஓடவிட்டு, கொப்புளம் கண்ட ஒரு கொழுந்தின் படத்தைக் காட்டினாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். 'நோய் உண்டு' என்று வந்தது.

"சீக்கு இருக்குன்னதும் இம்புட்டு சந்தோசப்பட்டது நாமதான் புள்ள," என்று சிரித்தாள் சுதர்ஷினி. "சரி, இப்பவாச்சும் உள்ள போ."

நிலக்ஷி போனாள். பெயர் வந்து நின்றது. இவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே மறுபடி ஏற்றச் சொன்னாள்.

"சிக்னல் இல்லையேடி."

சுதர்ஷினி, லெப்டொப்புக்கு இணையம் தரும் போனை எடுத்துக்கொண்டு லயத்துக்கு முன்னாலிருந்த மேட்டில் ஏறினாள். கையை உயர்த்தினாள்.

"வருதா?"

"வருது! அசையாத!"

தூறல் தொடங்கி வலுத்தது. முழங்கை வழியே தண்ணீர் சட்டைக்குள் இறங்க, சுதர்ஷினி உயர்த்திய கையை இறக்காமல் நின்றாள்.