மூன்று பின்

2011 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. ஆயத்த ஆடை ஆலையின் பெண்கள் விடுதி, முதல் மாடி அலுவலக அறை. அங்கிருந்த இரும்பு அலமாரியில் இருநூற்றுப் பதினேழு புத்தகங்கள் இருந்தன. அவற்றில் நாற்பத்தொரு புத்தகங்களில் சில பக்கங்கள் ஒன்றோடொன்று சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிக்கப்பட்டிருந்தன.

அடித்தவள் புத்தக அக்கா. விடுதியின் முந்நூறு பெண்களும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எந்தப் புத்தகமும் பெண்கள் கைக்குப் போகும் முன் அவள் அதை முழுக்கப் படித்தாக வேண்டும் என்பது விடுதி விதி. காதல், வீட்டை விட்டுப் போவது, பெற்றவர்களை எதிர்த்துப் பேசுவது எங்கே வந்தாலும் அந்தப் பக்கங்களின் ஓரத்தில் மூன்று பின்.

"கிழிச்சா புத்தகம் பாழாயிடும். பின் அடிச்சா யாருக்கும் நஷ்டமில்ல," என்பார் விதியைப் போட்ட வார்டன் அம்மா.

பின் உள்ள புத்தகம்தான் ஓடும் என்பது வார்டன் அம்மாவுக்குத் தெரியாது.

"அக்கா, இதுல எத்தனை பின்?"

"ஒண்ணும் கிடையாது. ரொம்ப நல்ல கதைடி."

"நல்ல கதையா? அப்போ அதை வார்டன் அம்மாவுக்கே குடுங்க. அவங்கதான் திருந்தணும்."

தையல் பிரிவுப் பெண்கள் நூல் வெட்டும் கத்தரியின் நுனியால் பின்னை நோகாமல் நெம்பி எடுப்பார்கள். படித்து முடித்ததும் அதே துளைகளில் திரும்பப் பொருத்திவிடுவார்கள். மிச்சப் பக்கங்களை யாரும் சீண்டுவதில்லை. புத்தக அக்கா இதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. கண்டுபிடித்தபின் யாரிடமும் மூச்சு விடவில்லை. பதிலாக வேறொரு காரியம் செய்தாள்.

யாரும் தடுக்காத பக்கங்களுக்கும் பின் அடிக்க ஆரம்பித்தாள். சவசவ என்று போகும் நாவல் ஒன்றில் வேலை கிடைத்த ஒரு பெண் தனியாக டிக்கெட் எடுத்து, தெரியாத ஊரில் இறங்கி, வாடகைக்கு அறை கேட்கும் பத்துப் பக்கங்கள். தூசி படிந்த வழிகாட்டி நூலில், பெண்களுக்கான பயிற்சிகளும் அவற்றுக்கு விண்ணப்பிக்கும் முறையும். ஆறு வருடமாக யாரும் புரட்டாத அந்தத் தாள்களின் ஓரம் ஒரே மாதத்தில் விரல் பட்டுக் கறுத்தது. அந்த அழுக்கைத் தவிர அவளுக்கு வேறு பாராட்டு கிடைக்கவில்லை. அது போதும் என்றிருந்தாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இருபத்திரண்டாவது வயதில், அவள் வாங்கி வந்த நூலகப் புத்தகத்தை அவளுடைய அண்ணன் இரண்டாகக் கிழித்து ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்தான். "படிச்சுப் படிச்சுத்தான் வாய் நீளுது" என்றான். அவள் இறங்கிப் போய்த் தாள்களைப் பொறுக்கிப் பக்க எண்படி அடுக்கி நூலகத்தில் ஒப்படைத்தாள். அப்படியே வீட்டுக்குத் திரும்பாமல் இந்த வேலைக்கு வந்துவிட்டாள். தாழ்வாரக் கோடியில் ஓர் அறை, ஒரு ஜன்னல், உள்ளே இருந்து போடக்கூடிய தாழ்ப்பாள். பதினாறு வருடமாக அந்தத் தாழ்ப்பாளைப் போடும்போதெல்லாம் அவளுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் சோடாபுட்டி வந்து நின்றாள். தடித்த கண்ணாடி போட்ட, காலர் தைக்கும் பெண். வழிகாட்டி நூலின் பின்னை நெம்பிச் செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தவள். இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் போக வேண்டும்.

அசல்கள் விடுதியிடம் இருந்தன. மூன்று வருட ஒப்பந்தம் முடியும்வரை அவை அதே இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும். இடையில் வேண்டுமென்றால் அப்பா நேரில் வந்து கேட்க வேண்டும்.

"அப்பாகிட்ட போன்ல கேட்டியா?"

"கேட்டேங்கா. கண்டவன் உடம்பைத் தொட்டுத் தொடைக்கிற வேலைக்கா உன்னைப் பெத்தேன்னாரு. இங்க கண்டவன் போடற சட்டைக்குத்தானே காலர் தைக்கிறேன்னேன். போனை வெச்சுட்டாரு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு வார்டன் அம்மா ஆலையில மீட்டிங் போவாங்க. நீ அரை நாள் லீவு சொல்லிட்டு வா. எடுத்துத் தரேன்."

"சத்தியமா?"

"போடி. சாவி என்கிட்டதானே இருக்கு."

புதன்கிழமை காலை சோடாபுட்டியின் அப்பா வார்டன் அம்மாவுக்குப் போன் செய்தார். பெண்ணுக்கு நர்ஸ் பைத்தியம் பிடித்திருக்கிறது, விடுதியில் ஏதோ வழிகாட்டிப் புத்தகத்தில் படித்தாளாம், உங்களை நம்பித்தானே விட்டேன், வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார்.

வார்டன் அம்மா அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். பின்னைப் பிய்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பின் அடித்திருந்த நான்கு பக்கத்தையும் வரி விடாமல் படித்தார்.

"இதுல என்ன அசிங்கம் இருக்கு? இதுக்கு எதுக்கு பின்?"

வார்டன் அம்மா எழுந்து அலமாரியிலிருந்து இன்னொன்றை உருவினார். பிறகு இன்னொன்று. மேசையில் பிய்ந்த பின்கள் சேர்ந்துகொண்டே போயின. எட்டாவது புத்தகத்தில் நிறுத்தினார். அவர் முட்டாள் அல்ல.

"காதல் வர்ற இடத்துல அடிச்சது எனக்குப் புரியுது. டிக்கெட் வாங்குற இடத்துல யார் அடிச்சது?"

நான்தான் என்று சொல்லப் புத்தக அக்கா நிஜமாகவே வாயைத் திறந்தாள். தாழ்வாரக் கோடி அறையும், அதற்குப் பின்னால் அண்ணன் வீட்டு வாசலும் கண்ணுக்கு முன் வந்தன. பெட்டியோடு நிற்கும் அவளைப் பார்த்து, 'வந்துட்டியா?' என்று அண்ணன் கேட்பான். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் பதினாறு வருடம் காத்திருக்கிறான்.

"அந்தக் கண்ணாடிப் பொண்ணு அடிக்கடி என் மேசைக்கு வருவாம்மா," என்றாள். "ஸ்டேப்ளர் கொஞ்சம் குடுங்கக்கான்னு வாங்கிட்டுப் போவா. நான் கவனிக்கல."

வார்டன் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று சொல்ல முடியாது. இத்தனை புத்தகத்தையும் படித்துச் சொல்ல வேறு ஆள் தேட வேண்டியதில்லை என்பதால், நம்புவது அவருக்கு வசதியாக இருந்தது.

"இனிமே பின் வேணாம். பசை போட்டு ஒட்டு. சாவி உன்கிட்டயே இருக்கட்டும். உன்னை நம்பித்தான் வெச்சிருக்கேன்."

வியாழக்கிழமை இரண்டு பத்துக்குச் சோடாபுட்டி வந்தாள். தலை வாரி, துவைத்த உடை உடுத்தி, துணிப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள். ஆலையில் அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. புத்தக அக்கா ஒரு புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் எடுங்கக்கா. மூணு மணிக்கு பஸ்."

"சான்றிதழை வார்டன் அம்மா நேத்தே எடுத்துட்டுப் போயிட்டாங்கடி."

சோடாபுட்டி அலமாரியின் கம்பிக் கதவு வழியாகக் கீழ்த்தட்டைப் பார்த்தாள். பழுப்பு உறைகள் வழக்கம்போல் நிறைந்திருந்தன. மேலேயிருந்து மூன்றாவதில் அவளுடைய வரிசை எண் தெரிந்தது.

"அதோ இருக்கே."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, அந்தப் பக்கத்துக்கெல்லாம் நீங்கதானே பின் அடிச்சீங்க?"

"ஆமா."

"நாங்க படிக்கணும்னுதானே?"

"ஆமா."

"அப்புறம் என்னக்கா?"

"வார்டன் அம்மா கேட்டாங்க. நீ அடிச்சேன்னு சொல்லிட்டேன்."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள். அழவில்லை.

"எங்களுக்கெல்லாம் வழி காட்டுனீங்களே, நீங்க ஏன் எங்கயும் போகல?"

"நான் போயாச்சுடி. போய்ச் சேர்ந்த இடம் இதுதான்."

"இதுவா?" என்றாள் சோடாபுட்டி. அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "எங்க வீடே பரவாயில்லையேக்கா. எங்கப்பா நேரடியாவே முடியாதுன்னு சொல்றாரு."

மூன்று மணிவரை அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து தன் அறைக்குப் போனாள். அந்த ஐம்பது நிமிடமும் புத்தக அக்கா பசை தடவினாள். சாவி இடுப்பில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு அப்பா வந்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பெண்ணையும் ஒரு பெட்டியையும் பழுப்பு உறையையும் வாங்கிக்கொண்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் புத்தக அக்கா. மாலை நான்கு மணிக்குப் பயிற்சிப் பள்ளியில் பெயர் கூப்பிட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராததால், அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்ததாக இருந்தவருக்குக் கொடுக்கப்பட்டது.