ஒரு மணிக்குத் தண்ணீர்

ஒடீல் கொமோ பாடினால் மண்டபத்துக்குள் கடல் வரும். பெரிதாக ஒன்றுமில்லை, கணுக்கால் அளவுதான். பாட்டு நன்றாக அமைந்துவிட்டால் முழங்கால். கதவிடுக்காலோ குழாயாலோ வருவதில்லை. மேடைக்கு முன்னால் தரை முதலில் வேர்க்கும், பிறகு குளிர்ந்த உப்புத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறும், பாட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில் வந்த மாதிரியே வற்றிவிடும். அவள் பிறந்தது கனடாவின் கிழக்குக் கரையில், கடல் மாடி வீட்டு உயரத்துக்கு ஏறி இறங்குகிற ஒரு குடாவின் ஓரத்தில். அங்கே அக்கேடியர் என்று பிரெஞ்சு பேசுகிற ஒரு சனம் இருக்கிறது. இருநூற்றெழுபது வருடங்களுக்கு முன்னால் ஆங்கிலேயப் பட்டாளம் வந்து அவர்களைக் கப்பல்களில் ஏற்றிக் கண்ட கண்ட கரைகளில் இறக்கிவிட்டது. கொஞ்சப் பேர் திரும்பி வந்தார்கள். ஒடீல் இதைச் சொன்னபோது, "அப்ப உங்களையும் அடிச்சுக் கலைச்சவங்கள்" என்றாள் கம்சனா. அதற்குப் பிறகு அவர்களுக்கிடையில் விளக்கம் தேவைப்படவில்லை.

கம்சனா ஈழத்திலிருந்து ஓடி வந்த குடும்பத்துப் பிள்ளை, ஜெர்மனியில் ஆஹென் நகரில் வளர்ந்தவள், ஒலியமைப்பில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தவள். ஒடீல் ஜெர்மனிக்கு வந்த வருடத்திலிருந்து அவளுக்கு வான் ஓட்டுவதும், ஒலி பார்ப்பதும், ஈரம் துடைப்பதும் இவள்தான். ஒடீல் ஒரே பாட்டுக்குள் எல்லாவற்றையும் போட்டுக் குழைப்பாள். ஊர் வயலின், கவ்போய்க் கிற்றார், நடுவில் றாப், பிரெஞ்சில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிகிற வரிகள். பள்ளிக்கூடத்தில் அதற்காக ஏச்சு வாங்கியவளாம். தமிழில் தொடங்கி டெர்மின், அன்ட்ராக் என்று ஜெர்மனில் முடிக்கிற கம்சனாவுக்கு அதில் ஒரு புதினமும் தெரியவில்லை. முதல் வருடங்கள் நன்றாகத்தான் போயின. பான் நகரில் மாணவர்கள் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஆடினார்கள். ஹம்பேர்க்கில் துறைமுகத்தில் வேலை செய்பவர்கள் வந்து, தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். பத்திரிகைகள் மேடை அமைப்பைப் பாராட்டி எழுதின.

பிறகு பலகைத் தரைகள் ஊதத் தொடங்கின. ஜெர்மனியில் எல்லாவற்றுக்கும் காப்புறுதி உண்டு. குழாய் வெடித்தால் உண்டு, கூரை ஒழுகினால் உண்டு, கடல் வந்தால் மட்டும் கிடையாதாம். மண்டபங்கள் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. நிகழ்ச்சி ஏற்பாட்டாளன் கெட்டிக்காரன், கவனித்துக் கண்டுபிடித்தான்: வயலினை மட்டும் வாசித்துப் பாடினால் தரை காய்ந்து கிடக்கிறது, றாப் மட்டும் பாடினாலும் காய்ந்து கிடக்கிறது, எல்லாவற்றையும் கலந்தால்தான் தண்ணீர். அப்படியென்றால் ஒன்றைத் தெரிவு செய் என்றான். ஒடீல் கிற்றார்ப் பாட்டைத் தெரிவு செய்தாள். மூன்று வருடம் காய்ந்த மண்டபங்களில் பாடினாள். தண்ணீர் வரவில்லை, ஆனால் உப்பு வந்தது. பாடி முடிக்கும்போது அவள் தோளிலும் கழுத்திலும் உப்புப் பூத்திருக்கும். கம்சனா ஈரத் துவாயால் துடைத்துவிடுவாள். முதல் வருடம் துடைத்தால் போனது. மூன்றாம் வருடம் சுரண்ட வேண்டியிருந்தது. இந்தக் குளிர்காலம் இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை, குரலும் கரகரத்துவிட்டது. டாக்டர் உப்பைக் குறைத்துச் சாப்பிடச் சொன்னார்.

கம்சனாவிடமிருந்து ஒடீல் கற்ற தமிழ்ச் சொல் ஒன்றே ஒன்று. பங்குனியில் ஒரு நாள் ஓட்டோபான் நெடுஞ்சாலையில் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது அதைச் சொன்னாள். "ஏலாது, கம்சனா." அடுத்த மாதம் பானில் பாடிவிட்டு நிறுத்தப் போவதாகவும், இப்படியே போனால் குரல் ஒரு நாள் கல்லாகிவிடும் என்றும் ஜெர்மன் மொழியில் சொன்னாள். கம்சனாவும் களைத்துத்தான் போயிருந்தாள். ஆனாலும் இந்தக் குரல் இப்படி வறண்டு முடிவதை அவளால் ஏற்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளுடைய தமையன் அனுஜனின் மகள் யதுசா வயதுக்கு வந்ததற்கு ஆஹெனில் சாமத்திய வீடு. ஒடீலையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அனுஜன் வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தான். "தங்கச்சி, பாரிஸில இருந்து வாற பாட்டுக்காரன் பெல்ஜியத்துக்குள்ள மாட்டுப்பட்டு நிக்கிறான். பிள்ளை உள்ள வரேக்க ஆராவது பாட வேணும். உன்ர சிநேகிதியை ஒரு பாட்டுப் பாடச் சொல்லு. தண்ணி மட்டும் வேண்டாம், மண்டபம் தந்த ஹோல்காரன் என்னைத் துலைச்சுப் போடுவான்." கம்சனா ஓம் என்று தலையாட்டினாள்.

யதுசா அன்னத்தோணியில் வருவதாக ஏற்பாடு. ஒட்டுப்பலகையில் செய்து, வெள்ளை இறகு ஒட்டி, அடியில் சில்லு பூட்டிய தோணி. நான்கு பெடியள் தள்ளினார்கள். வாசல் தாண்டியதும் ஒரு சில்லு கம்பளத்தில் சிக்கி, தோணி அசையமாட்டேன் என்று நின்றுவிட்டது. நானூறு சனம் திரும்பிப் பார்க்க, பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை. ஏற்கனவே இதெல்லாம் வேண்டாம் என்று இரண்டு கிழமை அழுதவள். மேடையில் ஒடீல் வானிலிருந்து எடுத்த கிற்றாரோடு நின்று, எதைப் பாடுவது என்று கண்ணாலேயே கேட்டாள். கம்சனா மண்டபத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து இந்தச் சனம் நாதஸ்வரத்துக்கும், சினிமாப் பாட்டுக்கும், ஜெர்மன் பாட்டுக்கும், தமிழ் றாப்புக்கும் ஒரே மாதிரிக் கைதட்டிக்கொண்டிருந்தது. இது எந்த வகை என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு நெஞ்சில் குத்தியது. போகட்டும் என்று நினைத்தாள். "உன்ர பாட்டைப் பாடு," என்றாள், தமிழிலேயே. ஒடீலுக்கு விளங்கியது.

முதல் அடியில் குரல் கரகரத்தது. வயலின் இல்லாததால் அந்த இசையைக் கீபோர்ட்காரன் பிடித்துக்கொண்டான், தவில்காரர் தானாகவே சேர்ந்துகொண்டார். றாப் வந்த இடத்தில் தரை வேர்த்தது. சனம் கதிரைகளைப் பின்னுக்கு இழுத்தது, அனுஜன் தலையில் கையை வைத்தான், யாரோ பிள்ளைகளைத் தூக்குங்கோ என்று கத்தினார்கள். ஆராத்தித் தட்டோடு நின்ற இராஜேஸ்வரி அக்காதான் சத்தம் போட்டார். "என்னப்பா விறைச்சுப் போய் நிக்கிறியள்? தண்ணி வார்க்கிற வீட்டில தண்ணி வராமல் வேறென்ன வரும்? சீலையைத் தூக்கிச் செருகுங்கோ!" அது நியாயமாகத்தான் பட்டது. பெரியபிள்ளையானவளுக்குத் தண்ணீர் வார்க்கத்தானே மாமன் மாமிமார் கூடியிருக்கிறார்கள். கடலும் வந்துவிட்டுப் போகட்டும். பெண்கள் சேலையைச் செருகினார்கள், ஆண்கள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தார்கள், பலகாரத் தட்டுகள் மேசைக்கு ஏறின. தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் தோணி கம்பளத்திலிருந்து விடுபட்டு மிதந்தது. "மாமி, இது ஓடுது!" என்று கம்சனாவைப் பார்த்துக் கூவினாள் யதுசா. ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவியபடி, ஒருவரும் தள்ளாமல், அலங்கரித்த மணவறை வரைக்கும் போய்ச் சேர்ந்தாள்.

ஒடீலின் தோளிலிருந்து உப்புக் கரைந்து ஒழுகியது. கடைசி வரியில் அவள் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். கம்சனா மேடையில் ஒலிப்பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து விம்மி விம்மி அழுதாள். மூன்று வருட அழுகை, இலேசில் நிற்கவில்லை. தண்ணீர் வற்றிய பிறகு வீடியோக்காரர் அரியரத்தினம் மேடைக்கு வந்து, தோணி திரும்பின இடம் சரியாக விழவில்லை, இன்னொருக்கா தண்ணி வருமோ என்று கேட்டார். கம்சனா மூக்கைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தாள். "ஓம்," என்றாள் ஒடீல். அது அவளுடைய இரண்டாவது தமிழ்ச் சொல். ஓடு பதித்த தரை, ஊதவில்லை. அனுஜன் வீணாகத்தான் பயந்தான். சத்தம் கேட்டு வந்த ஹோல்காரனுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு இருத்திவிட்டார்கள்.

பானிலும் அவள் தன் பாட்டைத்தான் பாடினாள். ஏற்பாட்டாளன் அன்றோடு விலகிவிட்டான். இப்போது சனி ஞாயிறுகளில் ஆஹெனிலிருந்து ஹம்பேர்க் வரைக்கும் கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள். களைப்புக்குக் குறைவில்லை. ஓட்டோபான் அதேதான், எந்த விழாவும் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவதில்லை, முதுகு நோகிறது, வானுக்குள் எந்த நேரமும் சேற்று மணம். உப்பு மட்டும் பிறகு பூக்கவில்லை. அந்தப் பக்கத்துத் தமிழர் அழைப்பிதழ்களில் இப்போது இப்படி அச்சிடுகிறார்கள்: பகல் பன்னிரண்டு மணிக்கு ஆராத்தி, ஒரு மணிக்குத் தண்ணீர், இரண்டு மணிக்கு மதிய போசனம்.