உள்ளான்

மனித குலத்தின் எதிர்காலம் குழந்தைகளின் கையில் இருக்கிறது; அந்தக் குழந்தைகளின் பாதுகாப்போ ஒரு தலைமையாசிரியரின் கழுத்தில் தொங்குகிறது. இதைச் சொன்னவர் தலைமையாசிரியரேதான். அவர் கழுத்தில் தொங்கியது ஒரு பச்சை பிளாஸ்டிக் விசில்.

எதற்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புவார் என்பதால் பள்ளியில் அவருக்குச் 'சுற்றறிக்கை' என்றே பெயர். மூன்றாம் வகுப்பைக் கடலோரப் பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துப்போக அவர் இருபத்தெட்டுப் பக்கத்தில் பாதுகாப்புத் திட்டம் எழுதினார். பிள்ளைகள் ஜோடி ஜோடியாகக் கைகோத்திருக்க வேண்டும். மூன்று குறு விசில் கேட்டால், எங்கிருந்தாலும், வாய் பேசாமல், சத்தம் வரும் பக்கம் நடந்து வந்து சேர வேண்டும். ஆஜர் கூப்பிடும்போது 'பிரசன்ட்' என்று சொல்லக் கூடாது. தூய தமிழில் 'உள்ளேன்'. படிவத்திலும் அப்படியே: உள்ளான், உள்ளாள், இல்லை.

மைதானத்தில் இரண்டு வாரம் ஒத்திகை நடந்தது. இரண்டாவது வாரக் கடைசியில் பிள்ளைகள் தூக்கத்தில் விசில் கேட்டாலும் எழுந்து நடப்பார்கள் என்ற நிலைக்கு வந்திருந்தார்கள். வகுப்பு டீச்சர் செய்த ஏற்பாடு வேறு. புறப்படும் காலை, பஸ் வாசலில் நின்று, முப்பத்திரண்டு அம்மாக்களிடமும் தனித்தனியாக, "நான் பாத்துக்கிறேன்மா" என்றார். திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் அது இல்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கடலைக் காணோம். தண்ணீர் உள்வாங்கி, சாம்பல் நிறச் சேறு பளபளவென்று விரிந்து கிடந்தது. அதன்மேல் பனிமூட்டம் பாலாடை மாதிரி படிந்திருந்தது. வானம் எங்கே முடிகிறது, சேறு எங்கே தொடங்குகிறது என்று யாரும் கோடு போடவில்லை. நீண்ட கால் பறவைகள் தங்கள் நிழல்மேலேயே நின்றுகொண்டு தூங்கின. பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

சரணாலயத்தின் காவலர் ஒரு பெண்மணி. ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். விசிலைப் பார்த்ததும் முகம் மாறியது.

"சார், இங்க அதை ஊதக் கூடாது. பறவை எல்லாம் மிரண்டுடும்."

"அம்மா, இது பாதுகாப்புச் சாதனம்."

"இருக்கட்டும் சார். சட்டைப் பைக்குள்ள பாதுகாப்பா வச்சுக்கங்க. அப்புறம், பதினோரு மணிக்குத் தண்ணி திரும்பிடும். அதுக்கப்புறம் யாரும் சேத்துல கால் வைக்கக் கூடாது."

பத்தே முக்காலுக்குப் பிள்ளைகளை மணல்மேட்டில் ஜோடி ஜோடியாக உட்கார வைத்தாயிற்று. அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து தெளிவாக மூன்று குறு விசில் கேட்டது. எழப்போன பிள்ளைகளை டீச்சர் கையமர்த்தினார்.

தலைமையாசிரியர் திடுக்கிட்டார். தன் விசில் பையில்தான் இருந்தது. "அது யாரு?"

காவலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உள்ளான் சார்."

அரசு ஊழியர் ஒருவர் இவ்வளவு தூய தமிழில் பதில் சொன்னது அவருக்குப் பரம திருப்தி. படிவத்தை எடுத்து, 'உள்ளான்' கட்டத்தில் ஒரு டிக் போட்டார். நீர்க்கரையில் மேயும் அந்தச் சின்னப் பறவைக்கு உள்ளான் என்று பெயர் இருப்பது இருபத்தெட்டுப் பக்கத்தில் எங்கும் வரவில்லை.

"டீச்சர், வாங்க, பேனரைப் பிடிங்க. அறிக்கைக்குப் படம் வேணும்."

"பசங்க தனியா இருக்காங்களே சார்."

"ஒரு நிமிஷம்மா. பயிற்சி பெற்ற பசங்க."

இருவரும் கடலுக்கு முதுகு காட்டி நின்றார்கள். பேனரில் 'பாதுகாப்பே முதல்' என்றிருந்தது. தலைமையாசிரியரின் போன் திரையில் பேனரையே பார்த்துக்கொண்டிருந்த காவலருக்குக் கடைசி 'ல்' படத்துக்குள் அடங்குவதாயில்லை. "இன்னும் பின்னாடி போங்க சார். இன்னும் கொஞ்சம். சிரிங்க." முதுகுக்குப் பின்னால் மறுபடி மூன்று விசில். மறுபடியும் மூன்று. டீச்சர் சிரித்தார், திரும்பினார்.

மணல்மேட்டில் தண்ணீர் பாட்டில்கள் மட்டும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன.

சேற்றில் சின்னச் சின்னக் காலடிகள், இரண்டிரண்டாக, மூட்டத்துக்குள் போயிருந்தன. ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. அவ்வளவு கட்டுப்பாடு.

"தண்ணி திரும்புது" என்றார் காவலர். சேற்றின் வாய்க்கால்களில் வெள்ளி நூல் மாதிரி ஏதோ ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

தலைமையாசிரியர் விசிலை எடுத்து மூன்று முறை ஊதினார். அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான உள்ளான்கள் ஒரே நேரத்தில் எழும்பி, எட்டுத் திசையிலும் மும்மூன்றாக விசிலடித்தன. மூட்டமே விசிலடிப்பதுபோல் இருந்தது.

"அதைக் கீழ போடுங்க சார்!" என்று டீச்சர் கத்தினார். சுற்றறிக்கையிடம் யாரும் அப்படிக் கத்தியதில்லை. அவர் போட்டுவிட்டார்.

டீச்சர் சேற்றில் இறங்கினார். பறவைச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, வகுப்பறையில் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டார். "விசிலை விட்டுடுங்க. கையை விடாதீங்க. என் குரலுக்கு வாங்க. ஒண்ணு!"

வெள்ளையாக இருந்த எங்கோ ஓரிடத்திலிருந்து, "உள்ளேன்."

"ரெண்டு!"

"உள்ளேன்."

இரண்டிரண்டு 'உள்ளேன்' வரும்போதெல்லாம் மூட்டத்தில் இரண்டு நிழல்கள் தடித்து, பிள்ளைகளாகிக் கரையேறின. எண் ஏற ஏறத் தண்ணீரும் ஏறியது. டீச்சரின் கணுக்கால், பிறகு கெண்டைக்கால். காவலர் மறுபக்கம் சுற்றிப்போய்ப் பிள்ளைகளைக் குரல் வந்த பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

"இருபத்தேழு!"

பதில் இல்லை.

"இருபத்தேழு! டேய் கண்ணா!"

அந்தப் பையனின் அம்மா பஸ் வாசலில் தலையை மட்டும் ஆட்டியது டீச்சருக்கு ஞாபகம் வந்தது.

"டீச்சர்..." பக்கத்திலேயே ஒரு மெல்லிய குரல். "நான் உள்ளேன். செருப்பு இல்லேன்."

இலக்கணம் அன்று மன்னிக்கப்பட்டது. முப்பத்திரண்டும் கரையேறிய பிறகு டீச்சர் மணலில் உட்கார்ந்தார். ஒரு சிறுமி அவர் காதோரம் புகார் சொன்னாள்: "கிட்டப் போனா விசில் பறந்து போயிடுது டீச்சர்."

மறுநாள் டீச்சர் மேஜையில் தலைமையாசிரியரின் குறிப்பாணை ஒன்று இருந்தது. மாணவர்கள் ஒதுக்கிய இடத்தை விட்டு நகர்ந்தபோது வகுப்பாசிரியர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும், தவறினால் நடவடிக்கை. டீச்சர் அதன் அடியிலேயே எழுதி அனுப்பினார்: 'விளக்கம் தங்கள் அறைச் சுவரில் உள்ளது.'

குறிப்பாணையைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. சுவரில் இருந்தது அந்தப் படம்தான். கண்ணாடிச் சட்டத்தில் பெரிதாக்கி மாட்டியிருந்தார்; மேலிடத்துக்கும் ஆறு பிரதி போயிருந்தது. பேனரில் ஓர் எழுத்துகூட விடுபடவில்லை. தலைமையாசிரியர் நன்றாகச் சிரித்திருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் பதினாறு ஜோடிகள் கைகோத்துக் கடலை நோக்கி நடந்துகொண்டிருந்தன.