கம்பிக்கு இந்தப் பக்கம்

குமுதவல்லியை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிப் பிடித்திருந்த படம் அன்று மத்தியானத்துக்குள் அடுத்த ஊரான ரந்தாவ் வரை போய்விட்டது. யாரோ ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். "மனிதநேயம் இன்னும் சாகவில்லை" என்று மேலே ஒரு வரி. கீழே முந்நூறு பேர் வாழ்த்தியிருந்தார்கள். நான்கு ஆண்களின் முகமும் தெளிவாக விழுந்திருந்தது. நடுவில் அவள், ஒரு கையால் நாற்காலியையும் மறு கையால் விலகிய பாவாடையையும் பிடித்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடியிருந்தாள்.

"பாருங்க, கேஸ் சிலிண்டர லோரியில ஏத்துற மாதிரியே இருக்கு" என்று கைப்பேசியைக் கணவனிடம் நீட்டினாள்.

முகுந்தன் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "நல்ல மனசுலதானே பண்ணாங்க லா."

"நல்ல மனசுதான். என்னைய ஒரு வார்த்த கேட்டாங்களா?"

கையுறைத் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டு முடித்து மோட்டார் சைக்கிளில் வந்தவளை லோரி இடித்து நான்கு வருஷம் ஆகிறது. வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடது கால் இருக்கிறது, ஆனால் உடம்பைத் தாங்காது. அதற்குப் பிறகு அவளுக்கு வெளியே என்றால் ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை கோயில், எப்போதாவது ராசா ஊரில் இருக்கும் தங்கை வீடு. எல்லாமே காருக்குள் ஏற்றி, காரிலிருந்து இறக்கி.

அதனால்தான் ஏரியைச் சுற்றி நடைபாதை போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் அப்படிச் சந்தோஷப்பட்டாள். அவர்கள் இருக்கும் தாமான் குடியிருப்பு பழைய தோட்டத்து நிலத்தில் கட்டியது. ரப்பர் போய், செம்பனை போய், வீடுகள் வந்தன. ஏரி மட்டும் மிஞ்சியது. அதைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குச் சிவப்புத் தார் போட்டார்கள். சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரியும். ரோலர் ஓடியதை, விளக்குக் கம்பம் நட்டதை, கரையில் பெஞ்சு வைத்ததை எல்லாம் அவள் ஒவ்வொரு நாளாகப் பார்த்தாள். கூடவே சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்துமிடத்தில் ஞாயிறு காலையில் போய் நாற்காலியைத் தானே தள்ளிப் பழகினாள். தோள் வலிக்க வலிக்கப் பழகினாள்.

பாதை திறந்த முதல் சனிக்கிழமை வீட்டிலிருந்து தனியாகவே உருட்டிக்கொண்டு போனாள். வாசலில் இரும்புக் கம்பிகள் குறுக்கே நின்றன. இடுப்பளவு உயரம். ஒன்று இடப்பக்கத்திலிருந்து, அடுத்தது வலப்பக்கத்திலிருந்து. நடப்பவர்கள் வளைந்து வளைந்து போக வேண்டும். நாற்காலி இரண்டாவது கம்பியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அப்போதுதான் அந்த நான்கு பேர் வந்தார்கள்.

படம் வந்த மறுநாள் குமுதவல்லி யோகேந்திரன் வீட்டுக்குப் போனாள். அவர் குடியிருப்பாளர் சங்கத் தலைவர். பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கம்பிகள் அவர் கேட்டு வந்தவை. பதினோரு கடிதம் எழுதியிருந்தார். காரணமும் இருந்தது. பாதை மண்ணாக இருந்த காலத்தில், காலை நடையில் அவர் மனைவி திலகாவின் சங்கிலியை மோட்டாரில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். கீழே விழுந்ததில் திலகாவின் மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. அதற்குப் பிறகு திலகா ஏரிப் பக்கமே போனதில்லை.

"அண்ணே, என் நாற்காலி அறுபத்திநாலு சென்டிமீட்டர்" என்றாள் குமுதவல்லி. "உங்க கம்பிக்கு நடுவுல நாப்பத்தஞ்சுதான் இருக்கு."

"அது மோட்டார் வரக்கூடாதுன்னு வச்சதும்மா."

"தெரியும்ணே. மோட்டாருக்கு வச்சது எனக்கும் வச்சதா ஆயிருச்சு."

"அந்தக் கடைசியில இன்னொரு வாசல் இருக்கே."

"மூணு படி இருக்கு."

யோகேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவளுக்கு விபத்து நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர்களில் அவரும் ஒருவர். "யாராச்சும் தூக்கி விடுவாங்கம்மா. நம்ம ஆளுங்க நல்லவங்க. அன்னைக்குத் தூக்கி விடலயா?"

தேநீர் எடுத்துக்கொண்டு வந்த திலகா கதவருகில் அப்படியே நின்றார்.

"திரும்பி வரப்ப யாருண்ணே தூக்குவா?" என்றாள் குமுதவல்லி. "அவசரமா பாத்ரூம் வந்தா? மழை வந்தா? நான் நாலு ஆம்பளைங்கள தேடிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"கம்பிய எடுத்தா நாளைக்கே இன்னொரு பொம்பள விழுவா. அப்ப என்னைத்தான் கேப்பாங்க. நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்."

அவள் தேநீரைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். நகராண்மைக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு மூன்றாவது. மூன்றுக்கும் பதில் இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு, நடப்பவர்கள் கூட்டமாக வரும் நேரத்தில், குமுதவல்லி நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் முதல் கம்பியைத் தாண்டி இரண்டாவது கம்பியில் முட்டும்படி நிறுத்தினாள். பிரேக்கை இரண்டு பக்கமும் போட்டாள். வழி அடைந்துவிட்டது.

"அக்கா, கொஞ்சம் நகருறீங்களா?"

"நகர முடியலயே தம்பி. அதுதான் பிரச்சன."

அந்த இளைஞன் படத்தில் அவளுடைய இடது சக்கரத்தைப் பிடித்திருந்தவன். அடையாளம் தெரிந்ததும் சிரித்தான். "ஓ, நீங்களா! வாங்க, தூக்கி உள்ள விட்டுடுறோம்."

"தூக்க வேணாம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க." மடியில் இருந்த தாளை நீட்டினாள். கம்பியை அகலமாக்கச் சொல்லும் மனு.

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஓடி முடிச்சிட்டு வந்து போடுறேன் கா" என்று சொல்லிவிட்டுக் கம்பியைத் தாண்டிக் குதித்து ஓடினான். திரும்பி வரும்போது படி இருக்கும் வாசல் வழியாகப் போய்விட்டான்.

அன்று மட்டும் இல்லை. திங்கள், செவ்வாய், புதன் என்று தினமும் ஏழிலிருந்து ஒன்பது வரை உட்கார்ந்தாள். தாண்ட முடிந்தவர்கள் தாண்டினார்கள். முடியாதவர்கள் அறுநூறு மீட்டர் சுற்றிக்கொண்டு போனார்கள், போகும்போது அவள் காதில் விழும்படி பேசினார்கள். கால் போனதில் புத்தியும் போய்விட்டது என்று ஒருத்தி சொன்னாள். இவளால் எல்லாருடைய காலையும் கெடுகிறது என்று ஒருவர் மலாய் மொழியில் சொன்னார். அவருக்குக் குமுதவல்லி மலாயிலேயே பதில் சொன்னாள்: உங்களுக்கு இது காலை நேரம் மட்டும், எனக்கு நாள் முழுக்க.

எதிரே நாசி லெமாக் சோற்றுக் கடை வைத்திருந்த சுலைஹா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். "என் பேத்திய வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தேன். எனக்கும் இதே கதிதான். நான் பேசாம வீட்டுக்குப் போயிட்டேன். நீ மாட்டேங்கிற" என்று சொல்லிச் சூடாக ஒரு தேநீரை அவள் கையில் வைத்தாள்.

மூன்றாவது நாள் மழை கொட்டியது. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் இருந்தாள். நடக்க ஒருவரும் வரவில்லை. முகுந்தன் காவல் வேலை முடிந்து நேராக வந்து, "இன்னைக்கு யாருமே இல்லியே புள்ள, வீட்டுக்கு வா" என்றான்.

"யாரும் இல்லாட்டியும் வழி அடைச்சுத்தான கிடக்கு" என்றாள். அவன் ரெயின்கோட்டைக் கழற்றி அவள் மடியில் போர்த்திவிட்டு, ஒன்பது மணி வரை பக்கத்தில் நின்றான்.

பதினோராவது நாள் நகராண்மைக் கழக அதிகாரி வந்தார். அவளுடைய மூன்று கடிதத்துக்கு வராதவர், பொதுவழியை ஒரு பெண் மறிக்கிறாள் என்று யாரோ கொடுத்த ஒரே புகாருக்கு வந்துவிட்டார். நடுவயது மலாய்க்காரர், கையில் கோப்பு. யோகேந்திரனும் கூட வந்திருந்தார். நடக்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

தடுப்பு பாதுகாப்புக்காக வைத்தது, மோட்டார் திருடர்கள் உள்ளே வராமல் இருக்க, என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார். அதைத் தளர்த்த முடியாது, தயவுசெய்து வழிவிடுங்கள் என்றார்.

"சரி என்சே" என்று அதிகாரியை மலாயில் மரியாதையாக விளித்துவிட்டுக் குமுதவல்லி பிரேக்கை எடுத்தாள். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து வெளியே வந்தாள். கூட்டத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வேலை முடிந்து அப்போதுதான் மோட்டாரில் வந்து நின்ற முகுந்தனை அவள் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, மோட்டார உள்ள விடுங்க."

"என்ன?"

"நம்ம கப்சாய. அந்த வழியா உள்ள கொண்டு போங்க."

முகுந்தன் கூச்ச சுபாவக்காரன். நாலு பேர் முன்னால் சத்தமாகத் தும்மக்கூட யோசிப்பான். அதிகாரியைப் பார்த்தான், யோகேந்திரனைப் பார்த்தான், கடைசியில் மனைவியைப் பார்த்தான். அவள் பார்வையை எடுக்கவில்லை. அவன் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். ஹேண்டில் கம்பிக்கு மேலே வர, கப்சாய் வண்டியின் ஒல்லியான உடம்பு கம்பிக்கு நடுவே நுழைய, முதல் வளைவில் வண்டியைக் கொஞ்சம் சாய்த்தான். இரண்டாவதில் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பினான். உள்ளே போய்விட்டான். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஏறி உட்கார்ந்து உதைத்தான். மோட்டார் சிவப்புப் பாதையில் படபடத்தபடி நின்றது.

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அப்படியே அடங்கியது.

இப்போது குமுதவல்லி நாற்காலியை முன்னே தள்ளினாள். மிதிதட்டு கம்பியில் மோதியது. டங். பின்னுக்கு வந்து மறுபடி தள்ளினாள். டங். மூன்றாவது முறை இன்னும் வேகமாக. சத்தம் ஏரி நீரின் மேல் போய்த் திரும்பியது.

"திருடன் போயிட்டான் என்சே" என்றாள் மலாயில். "நான் இன்னும் இங்கதான் இருக்கேன்."

அதிகாரி தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோகேந்திரன்தான் பேசினார். "நீ வெளையாடுறம்மா. உனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரி இந்த எடத்துல ரத்தத்தோட கெடந்தா. அவளுக்காகத்தான் நான் இவ்வளவும் பண்ணேன்."

"தெரியுமே, எனக்காகத்தானே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

திலகா நின்றிருந்தார். வீட்டுச் செருப்போடு, அடுப்பைப் பாதியில் விட்டு வந்தவர் போல. அவர் ஏரிக்கு வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வளைந்து போன மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்க்காமல், கணவரை மட்டும் பார்த்தார்.

"என் சங்கிலிய அறுத்தவனும் இந்த மாதிரி கப்சாய்லதான் வந்தான். கம்பி வச்சீங்க. எனக்குப் பயம் போச்சா? போகல. ஆள் இல்லாத பாதைன்னாதான் எனக்குப் பயம். நீங்க இருக்கிற ஆளையும் வெளிய நிறுத்தி வச்சிருக்கீங்க."

"திலகா, வீட்டுல பேசலாம்."

"வீட்டுல நான் சொன்னப்ப நீங்க கேக்கல." அவர் குமுதவல்லியின் நாற்காலி அருகே வந்து நின்றார். "என் பேரச் சொல்லி இவள வெளிய நிறுத்தாதீங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

யோகேந்திரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அதிகாரி கோப்பைத் திறந்து, அளவு எடுக்க யாரிடமாவது டேப் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார். குமுதவல்லியின் பையில் இருந்தது.

அளவு எடுத்த அன்றே எதுவும் நடந்துவிடவில்லை. ஆறு வாரம் இழுத்தது. ஆறு வாரமும் அவள் காலையில் போய் அதே இடத்தில் உட்கார்ந்தாள். திலகா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார். மனுவில் இருநூற்றுப் பதினாறு கையெழுத்து சேர்ந்தது. அவளைத் தூக்கிய இளைஞனும் ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து போட்டான்.

வேலையாட்கள் வந்து கம்பியை அறுத்த காலையில் யோகேந்திரனும் வந்தார். குமுதவல்லியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திலகா வீட்டில் சமைத்துப் போட்டாலும் கணவரோடு பேச்சு இன்னும் சரியாகவில்லை என்று ஊருக்கே தெரியும். அவர் நேராக வேலையாளிடம் போய், தன் கையால் டேப்பைப் பிடித்து அளந்தார். "எண்பத்தஞ்சு வச்சிருக்க. கடுதாசியில தொண்ணூறு போட்டிருக்கு. மறுபடி அறு" என்றார். அவன் அறுத்து முடிக்கும்வரை வெயிலில் நின்றார். பிறகு போய்விட்டார்.

குமுதவல்லி உள்ளே போனாள். திலகா கூட நடந்தார். தார் அவள் நினைத்ததைவிட வழுவழுப்பாக இருந்தது. கரையில் ஒரு பெரிய உடும்பு வெயில் காய்ந்தது. இவர்களைக் கண்டதும் சோம்பலாகத் தண்ணீரில் இறங்கியது. பாதி தூரத்தில் திலகாவுக்கு மூச்சு வாங்கியது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நீயும் கொஞ்சம் இரு குமுதா. உள்ளங்கையப் பாரு, செவந்து கெடக்கு."

"நீங்க இருங்கக்கா. நான் சுத்திட்டு வந்துர்றேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

வளைவைத் தாண்டியதும் பெஞ்சு மறைந்தது. வீடுகள் மறைந்தன. அந்தப் பக்கம் ஏரி, இந்தப் பக்கம் வெட்டாமல் விட்ட செம்பனை மரங்கள். நான்கு வருஷமாக வெளியே வந்த ஒவ்வொரு முறையும் யாராவது அவளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், பரிதாபமாகவோ எரிச்சலாகவோ. இங்கே ஒருவரும் இல்லை. அவள் துப்பட்டாவை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்து மடியில் போட்டாள். கொஞ்சம் அழுதாள். எதற்கென்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்து ஓர் இறக்கம். ஜன்னலில் இருந்து பார்த்தபோது இது இவ்வளவு சரிவு என்று தெரியவில்லை. அவள் சக்கரங்களைப் பிடித்து ஒரு நொடி நின்றாள். பிறகு கைகளை எடுத்தாள். நாற்காலி தானாகவே ஓடத் தொடங்கியது. காற்று பாவாடையைத் தூக்கியது. அவள் அதைப் பிடிக்கவில்லை.